எல்லை தெரிந்தவனின் வேலி

1

பொங்கல் முடிந்து கரிநாளும் கழிந்துவிட்டால் எங்கள் நைனாவுக்கு வேலி கட்டுகிற வேலை வந்துவிடும். எங்கள் சேரிக்குப் பின்னால் பண்ணைக்காரரின் கொல்லை. கொல்லைக்கும் சேரிக்கும் நடுவில் முள்வேலி. மழைக்காலத்தில் கோல் மக்கி, முள் சரிந்து, ஆடு நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். நைனா விடியற்காலையில் போய் வேலிகாத்தான் முள்ளை வெட்டி, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு வந்து போடுவார். பூவரசங்கிளையை நட்டு, பனைநாரால் இறுக்கிக் கட்டுவார். கையெல்லாம் முள் கீறி ரத்தம் காய்ந்திருக்கும். மூன்று நாள் வேலை. கூலி கிடையாது. நைனா கிராமத்து வெட்டி. வெட்டியாக இருக்கிறவன் அதைச் செய்யத்தான் வேண்டும் என்பது வழக்கம்.

வெட்டி என்ற சொல்லை நாம் இன்றைக்குப் பயனில்லாத வேலைக்குச் சொல்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அது கூலியில்லாமல் வாங்கப்பட்ட உழைப்பின் பெயர். உழைப்பை வாங்கியவன் அதற்குக் கூலி கொடுக்கவில்லை. பிறகு அந்த வேலைக்கே மதிப்பில்லை என்று சொல்லையும் மாற்றிக்கொண்டான். எங்கள் குடும்பத்தின் வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

நைனா கட்டிய அந்த வேலிக்கு ஒரு குணம் உண்டு. அது நடக்கும். ஒவ்வொரு தையிலும் பழைய கோல் இருந்த குழியில் புதுக்கோல் போகாது. 'கொஞ்சம் தள்ளி நடுடா' என்பார் பண்ணைக்காரர். நாலு விரல்தான். நாலு விரலுக்கு யார் சண்டைக்குப் போவார்கள்? இருபது வருஷத்தில் அது ஐந்து அடி. வேலி எங்கள் பக்கம் நடந்து வந்தது. அதை நடத்தி வந்தது எங்கள் நைனாவின் கை.

வேலிச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களை வைத்து எழுதுவார்கள். வேலி பொது, செலவு பாதிப்பாதி, சண்டை வந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள் என்பார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் உடையவனும் மறுபக்கம் அவனுடைய வேலியைக் கட்டுகிறவனும் இருந்தால், அங்கே பக்கத்து வீட்டுக்காரர் என்ற உறவே கிடையாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த வேலி எப்போதாவது பொது வேலியாக இருந்திருக்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் வரலாற்றுக்குள் போனேன்.

2

முதலில் எனக்குக் கிடைத்தது ஒரு வினோதம். எல்லை யாருக்குத் தெரியும் என்று தேடிப் போனால், பழைய பதிவுகள் எல்லாம் நம்மிடமே கொண்டுவந்து விடுகின்றன.

மைசூர்ப் பகுதியில் ஹொலையர் சாதியைச் சேர்ந்த குலவாடியைப் பற்றி மெக்கன்சி என்ற ஆங்கில அதிகாரி 1873-இல் எழுதினார். பிறகு 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் அது இடம்பெற்றது. இரண்டு கிராமங்களுக்கு நடுவே எல்லைத் தகராறு வந்தால் குலவாடியைக் கூப்பிடுவார்கள். ஊர் மண்ணை உருண்டை பிடித்து, அதன் நடுவில் தண்ணீர் வைத்து, அவன் தலைமேல் ஏற்றுவார்கள். அவன் அதைச் சுமந்துகொண்டு எல்லை வழியே நடக்க வேண்டும். சரியான கோட்டில் நடந்தால் உருண்டை அப்படியே இருக்கும். தவறிக்கூட தன் எல்லையைத் தாண்டி அடி வைத்தால் உருண்டை தானே உடையும். குலவாடி பதினைந்து நாளில் சாவான். அவன் வீடு பாழாகும். இது நம்பிக்கை.

இதைப் படித்த சில தோழர்கள் பெருமைப்படுகிறார்கள். 'பார், மண்ணின் மைந்தன் நாம்தான் என்பதற்கு இது சாட்சி' என்கிறார்கள். பெருமைப்பட இடம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஊரில் எல்லாச் சாதியும் ஒப்புக்கொண்ட நிலத்தறிவு அவனிடம் இருந்திருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தவறினால் சாவது யார்? தகராறு செய்த இரண்டு கிராமத்து நிலக்காரர்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். எல்லையில் ஒரு சாண் நிலம்கூட இல்லாதவன் உயிரைப் பணயம் வைத்து நடக்கிறான். அறிவு அவனுடையது, ஆபத்தும் அவனுடையது. நிலம் மட்டும் மற்றவர்களுடையது.

வெள்ளைக்காரன் நில அளவை கொண்டுவந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. கல் நட்டார்கள், வரைபடம் போட்டார்கள். கர்ணம் கணக்கு எழுதினார். சங்கிலியின் முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் ஓடியது வெட்டியும் தலையாரியும். நூறு கண்ணி கொண்ட அந்தச் சங்கிலி சுமார் 66 அடி. எங்கள் நைனா ஊரின் எல்லாப் புலத்தையும் அந்தச் சங்கிலியால் அளந்தவர். எந்தக் கல் எந்த மரத்தடியில், எது சாய்ந்தது, எதை யார் பிடுங்கினார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. 1980-இல் கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை அரசு ஒழித்தது. கர்ணம் போய் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நைனாவுக்குக் கிராம உதவியாளர் என்று பேர் மாறியது. கல்லைத் தேட மட்டும் பழையபடி அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

3

சரி, ஊர் எல்லை தெரிந்தவனுக்குத் தன் வீட்டு எல்லை எங்கே இருந்தது?

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் நிலைமையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த ஆணையால் கிடைத்ததுதான் பஞ்சமி நிலம். பஞ்சமி நிலத்தைப் பற்றி நம் இதழ்கள் நிறையவே எழுதியிருக்கின்றன. 1994-இல் காரணையில் அந்த நிலத்துக்காகப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டதும் நமக்கு மறக்காது. ஆனால் அந்த அறிக்கையில் இருக்கும் இன்னொரு செய்தியை நாம் அதிகம் பேசவில்லை. அது வீட்டுமனை. மிராசுதார்கள் வயலுக்கு மட்டும் உரிமை கேட்கவில்லை. பறையர் குடிசை போட்டிருந்த இடமும் தங்களுடையது என்றார்கள். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போக நினைத்தால், 'குடிசையைப் பிரி' என்று சொல்ல முடிந்தது.

வேலி என்பது முள்ளும் கோலும் மட்டும் அல்ல. 'இது எனது' என்று நாலு பேர் பார்க்கச் சொல்வது. குடியிருக்கும் மண்ணே அடுத்தவனுடையது என்னும்போது ஒருவன் எப்படி வேலி போடுவான்? எங்கள் ஆயா சொல்லும்: 'நம்ம வூட்டுக்கு வேலி போட்டா, இன்னா நீ பெரிய மிராசானு கேப்பாங்கடா. சும்மா வாசல்ல நாலு கள்ளிய நட்டு வைப்போம்.' அந்த நாலு கள்ளிதான் எங்கள் வேலியின் ஆரம்பம்.

ஆடுமாடு விஷயத்திலும் இதேதான். கால்நடை அத்துமீறல் சட்டம் 1871-இல் வந்தது. பயிரில் நுழைந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைக்கலாம். அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். பண்ணைக்காரர் வேலி ஓட்டையாகக் கிடக்கும். அதைக் கட்ட வேண்டிய நைனாவை வேறு வேலைக்கு அவரே அனுப்பியிருப்பார். அந்த ஓட்டையில் எங்கள் ஆடு நுழையும். பட்டியில் ஆடுதான் நிற்கும். வேலி ஏன் ஓட்டையாக இருந்தது என்று பட்டியில் யாரும் கேட்டதில்லை.

மனை கிடைக்க நம் சனங்கள் நூறு வருஷம் போராட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1920 வாக்கில் லேபர் கமிஷனர் என்ற பதவி ஏற்பட்டு ஆதிதிராவிடர்களுக்கு மனை வாங்கித் தரும் வேலை தொடங்கியது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். 1971-இல் குடியிருப்புதாரர் உரிமைச் சட்டம் வந்தது. பண்ணை மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது. ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978-இல் தனிச் சட்டம் போட்டார்கள். இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை போடுகிற உரிமைகூட நமக்குப் போராடித்தான் வந்தது.

4

எங்கள் தெருவுக்குள் வேலிச் சண்டை இல்லாமல் இல்லை. கள்ளி வளர்ந்து முள்வேலி ஆனதும் சண்டையும் வளர்ந்தது. சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு பூவரசு வேலி. ஓர் ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. சித்தப்பாவின் ஆடு நுழைந்து அத்தையின் மிளகாய்ச் செடியை மொட்டையடித்தது.

'வேலி உன்னுது, நீ கட்டு' என்றது அத்தை.

'வேலிமேல நிக்கிற முருங்க உன்னுது. காய் மட்டும் நீ பறிப்ப, முள்ளு நான் வெட்டணுமா?' என்றார் சித்தப்பா.

அது எங்கெங்கோ போயிற்று. அத்தை கல்யாணத்தில் போடாத தோட்டிலிருந்து, தாத்தா சாவுக்கு யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதுவரை போயிற்று. மூன்று நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அந்த மூன்று நாளும் ஓட்டை அப்படியே கிடந்தது. ஆடு இன்னும் இரண்டு முறை நுழைந்தது.

ஆயா வந்து நடுவில் உட்கார்ந்தது. யார் சொன்னது சரி என்று கேட்கவே இல்லை. 'மொதல்ல ஓட்டைய அட. அப்பறம் யாருதுன்னு பேசலாம். ஆட்டுக்குப் பட்டா தெரியுமா?' என்றது. சித்தப்பாவை முள் வெட்டி வரச் சொன்னது, அத்தையை நார் கிழிக்கச் சொன்னது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டினார்கள். கட்டி முடித்தபின் வாசலில் உட்கார வைத்து மற்றதைப் பேசியது. அன்றைக்கு முடிவானவற்றைத் தெருவே பிறகு வழக்கமாக எடுத்துக்கொண்டது:

வேலியைப் பிரிக்கிறவன் சொல்லிவிட்டுப் பிரிக்க வேண்டும். கட்டுகிறவன் மற்றவனைக் கூப்பிட்டு வைத்துக் கட்ட வேண்டும். ஒரு வருஷம் இவன் முள், அடுத்த வருஷம் அவன் முள். புதுக்கோல் பழைய குழியிலேதான் போக வேண்டும். வேலிமேல் நிற்கிற மரத்தின் காய் யார் பறிக்கிறார்களோ, கோலும் அவர்களே போட வேண்டும். முடியாத கிழவி, புருஷன் இல்லாதவள் வீட்டு முறையைத் தெரு செய்ய வேண்டும்.

இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆனாலும் இது ஒரு நீதிமுறை. பழைய குழியிலே கோல் நட வேண்டும் என்ற விதியை ஆயா எங்கே கற்றது? தன் மகன் வருஷாவருஷம் பண்ணைக்காரர் வேலியை நாலு விரல் தள்ளி நட்டதைப் பார்த்துத்தான். ஊர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் எங்களுக்குள் செய்துகொள்ளக் கூடாது என்று அது நினைத்திருக்கிறது. படிக்காத ஒரு பொம்பளையின் இந்தச் சட்டத்தை எந்த ஆவணக் காப்பகமும் வைத்திருக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்மைப் பற்றி முழுக்க நல்லதாகவே பேசிவிட்டால் அது வரலாறு ஆகாது. மதுரை மாவட்டம் சந்தையூரில் கோயிலைச் சுற்றிப் பறையர்கள் எழுப்பிய சுவரை, தீண்டாமைச் சுவர் என்று சொல்லி 2018-இல் அருந்ததியர்கள் எதிர்த்தார்கள். வீட்டைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் கிடந்து போராடினார்கள். கோல் பழைய குழியில்தான் போகிறதா என்று நம்மை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5

1992-இல் எங்கள் ஊருக்கு நத்தம் அளக்க வந்தார்கள். குடியிருப்பு மனைகளை அளந்து பட்டா கொடுப்பது திட்டம். நான் அப்போது கல்லூரி மாணவன், விடுமுறையில் வந்திருந்தேன். முதல் தடவையாகச் சங்கிலி எங்கள் தெருவுக்குள் வந்தது. அதன் முனையைப் பிடித்திருந்தவர் எங்கள் நைனா. சேரியே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

பின்பக்க வேலிக்கு வந்தார்கள். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டுப் பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தில் அங்கே ஒரு கல் இருந்தது. தரையில் காணோம். சர்வேயர் நைனாவைப் பார்த்து, 'கல்லு எங்கய்யா? உனக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க' என்றார்.

நைனா பண்ணைக்காரரைப் பார்த்தார். பண்ணைக்காரர் நைனாவைப் பார்க்கவில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

'காணலீங்க. ஆடு மாடு மேயற எடம். போயிருக்கும்.'

அவ்வளவுதான். இருக்கிற வேலியே எல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். 130 அடி நீளத்துக்கு ஐந்து அடி. ஏறக்குறைய ஒன்றரை சென்ட். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றரை சென்ட் சின்னதாகத் தெரியலாம். எங்கள் தெருவில் அது நாலு வீட்டுப் புழக்கடை. பொம்பளைகள் குளிக்கிற மறைப்பு, சாணி போடுகிற குழி, பின்னால் கட்டியிருக்க வேண்டிய கக்கூஸ்.

அன்று ராத்திரி நான் நைனாவோடு சண்டை போட்டேன். அரசு நட்ட எல்லைக்கல்லை அழித்தாலோ நகர்த்தினாலோ ஒரு வருஷம்வரை சிறை என்று 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 434-ஆம் பிரிவு இருந்தது. அதைக் கல்லூரியில் படித்திருந்தேன். ஒப்பித்தேன். நைனா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: 'நீ பொஸ்தகத்துல படிச்ச. நான் காட்டியிருந்தா சாயங்காலம் இந்தத் தெருவுல யாரு வூடு இருந்திருக்கும்? உங்கொக்கா நாளைக்கி யாரு வயலுக்குக் களை எடுக்கப் போவும்?'

குலவாடி கதையில் பொய்யான எல்லையில் நடந்தால் வீடு பாழாகும். எங்கள் தெருவில் உண்மையான எல்லையைக் காட்டினால் வீடு பாழாகும். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பல வருஷம் அவரைக் கோழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

6

முள்வேலி சுவராக மாறிய வரலாற்றை எல்லோரும் அறிவோம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பட்ட சுவர் தலித் தெருவைப் பொதுப் பாதையிலிருந்து அடைத்தது. 2008-இல் அதன்மேல் மின்கம்பி ஓடியது வெளியே தெரிந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அந்த வருஷம் மே 6-ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அந்தச் சுவருக்கும் ஓர் ஒப்பந்தம் காட்டினார்கள். 1989-இல் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டதுதான் என்றார்கள் சாதி இந்துக்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றார்கள் தலித்துகள். 2011 அக்டோபரில் வேறோர் ஒப்பந்தம் ஏற்பட்டு, நவம்பரில் தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். இரண்டுமே சமாதான ஒப்பந்தம் என்றுதான் சொல்லப்பட்டன. இரண்டுக்கும் நடுவில் இருந்த 22 வருஷப் போராட்டம்தான் வித்தியாசம். எதிரே இருப்பவன் எழுந்து போக முடியாதபோது வாங்கும் கையெழுத்து சமாதானம் ஆகாது.

உத்தப்புரத்தில் சுவரை இடிக்கப் போராடினார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் சுவரைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டார்கள். அங்கே ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டி ஒரு பங்களாவின் சுற்றுச்சுவர், சுமார் 20 அடி உயரம், கருங்கல். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை மழையில் அது வீடுகள்மேல் விழுந்து தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே முறையிட்டோம் என்று அந்தத் தெரு மக்கள் சொன்னார்கள். சுவரின் உரிமையாளர் கைதானார், பிணையில் வந்தார்.

விழப்போகிற சுவரைச் சரிசெய்யச் சட்டம் இல்லையா என்று நான் தேடினேன். 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 133-ஆம் பிரிவு இருக்கிறது. 1973-இல் புதுச் சட்டம் வந்தபோதும் அதே எண். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 152. ஒரு கட்டடம் விழுந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ வழியில் போகிறவர்களுக்கோ காயம் ஏற்படும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ பழுது பார்க்கவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவு போடலாம். நிலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதற்கான பிரிவு அல்ல அது, விழுவதைத் தடுப்பதற்கானது. எங்கள் ஆயா சொன்னதேதான்: மொதல்ல ஓட்டைய அட. நடூரில் 17 பேர் சாகும்போது அந்தப் பிரிவுக்கு 121 வயது.

சட்டம் கண் இல்லாமல் இல்லை. அதன் கண்ணுக்குச் சேரிக்காரன் பக்கத்து வீட்டுக்காரனாகத் தெரிவதில்லை. மனு கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, 'உங்க வீட்டுக்குப் பட்டா இருக்கா?' என்பதுதான். ஊருக்குள் ஓட்டையை முதலில் அடைக்கிறார்கள். சேரிக்கு மட்டும் பட்டாவை முதலில் கேட்கிறார்கள்.

7

நடூர்ச் செய்தி வந்த அன்று எங்கள் தெருப் பிள்ளைகள் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். பண்ணைக்காரர் மகன் கொல்லையை விற்றிருந்தார். வாங்கியவர் 2014-இல் வேலியை எடுத்துவிட்டு அதே கோட்டில் ஹாலோ பிளாக்கில் ஒன்பதடிச் சுவர் வைத்திருந்தார். மழையில் அது விரிசல் விட்டு எங்கள் பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தது. போய்ச் சொன்னதற்கு, 'எங்க சுவரு, உங்களுக்கென்ன?' என்றார். இரண்டாம் முறை போனபோது, 'உங்க குளிக்கிற தண்ணி தேங்கித்தான் அடி இளகுது' என்றார்.

பிள்ளைகள் கோபப்பட்டார்கள். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. கால்வாய் இல்லாததால் எங்கள் தண்ணீர் சுவரடியில்தான் நின்றது. அதை ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெருக்கூட்டத்தில் இரண்டு ராத்திரி வாதம். 'நம்ம தப்ப நாம ஒத்துக்கினாத்தான் அவங்க தப்ப எழுத வைக்க முடியும்' என்று பெரியக்கா ஒருத்தி சொன்னதுதான் முடிவானது. 2020 ஜனவரியில் 133-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, புகைப்படத்தோடு கோட்டாட்சியருக்கு மனு கொடுத்தோம். எங்கள் தண்ணீரையும் அதிலேயே எழுதினோம். பிப்ரவரியில் பார்வையிட வந்தார்கள்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு காரியத்தில் பிடிவாதமாக இருந்தோம். பேச்சு பங்களா வாசலில் நடக்கக் கூடாது. சுவரடியில் நடக்க வேண்டும். நாற்காலி போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும், பொம்பளைகளுக்கும். அப்படியே நடந்தது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. மூன்று வாரத்தில் சுவரை ஆறடியாகக் குறைத்து, முட்டுச்சுவர் கட்டி, தண்ணீர் போக அடியில் ஓட்டை விட வேண்டும், செலவு அவருடையது. எங்கள் பக்கம் சாரம் கட்ட இடம் தர வேண்டும், தண்ணீர் போகக் கால்வாய் வெட்ட வேண்டும், உழைப்பு எங்களுடையது. கடைசி வரி: இந்த ஏற்பாடு எல்லையைப் பற்றிய இரு தரப்பு உரிமையையும் பாதிக்காது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் அதிக நேரம் பேசினோம். அது இல்லாவிட்டால் சுவர் நிற்கிற இடமே எல்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது நைனா முன்னால் வந்தார். அவருக்கு அப்போது 78 வயது. சர்வேயரிடம், 'சார், சுவத்துக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்து வேர் ஓடுதே, அதுக்கு வடக்கால தோண்டிப் பாருங்க' என்றார். யாரும் கேட்காமல் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் கல் இருந்தது. சுவரிலிருந்து ஐந்து அடி உள்ளே. அம்பு அடையாளம் தேயாமல் இருந்தது. சர்வேயர் அளந்து குறித்துக்கொண்டார்.

'இருவத்தெட்டு வருஷம் கழிச்சி ஏன் நைனா?' என்று கேட்டேன்.

'அன்னிக்கி நான் ஒண்டியா நின்னேன். இன்னிக்கி தெருவே நாற்காலியில குந்திகினு இருந்திச்சி' என்றார்.

சுவர் குறைக்கப்பட்டது, முட்டும் கட்டப்பட்டது, கால்வாயும் ஓடுகிறது. ஒன்றரை சென்ட் இன்னும் வரவில்லை. அந்த மேல்முறையீடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. நைனா 2022-இல் இறந்துபோனார். வேலித் தகராறைத் தீர்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஓட்டையை முதலில் அடை, உன் தப்பை ஒத்துக்கொள், எல்லையை விட்டுக்கொடுத்து எழுதாதே, சமமாக உட்கார முடியாத இடத்தில் கையெழுத்துப் போடாதே. இதில் நாலாவது இல்லாமல் முதல் மூன்றும் நமக்கு ஒருபோதும் பயன்பட்டதில்லை.

கல் இருக்கிற இடம் இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.